சொறியும் நாய்க்குப் பச்சைக் கறி மருந்தாகுமா?

அரிப்பால் அவதிப்படும் ஒரு லாப்ரடாரின் முன்னங்காலைத் தூக்கி, விரல்களை மெல்ல விரித்துப் பாருங்கள். இடுக்கில் இருக்கும் வெளிர் ரோமம் செம்பழுப்பாக மாறியிருக்கும். ராத்திரி பகலாக நக்கியதில் எச்சில் ஊறிப் படிந்த கறை அது. காது மடலைத் திருப்பினால் உள்ளே சிவந்து தடித்திருக்கும். புளித்த வாடை வீசும். அக்குள், அடிவயிறு, வாலின் அடிப்பக்கம் எல்லாம் தோல் கறுத்துக் கெட்டிப்பட்டிருக்கும். ஊசி போட்டால் சில வாரம் நிம்மதி, பிறகு மறுபடி அரிப்பு, மறுபடி ஊசி என்று ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ஏராளம்.

இந்த வீட்டுக்காரர்களுக்குப் பூங்காவில் சந்திப்பவர், நாய் விற்றவர், பயிற்சி கொடுப்பவர், சித்தப்பா மகன் என எல்லோரும் சொல்கிற யோசனை இன்று ஒன்றுதான். "அந்த மூட்டைத் தீனிய நிறுத்துங்க. பச்சைக் கறியா போடுங்க. ஒரே மாசத்துல தோல் பளபளன்னு ஆயிடும்." சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பச்சைக் கறிக்கு மாறிய பிறகு அரிப்பு அடங்கிய நாய்கள் உண்டு. ஆனால் அவற்றைக் குணப்படுத்தியது எது? அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால், இன்னொரு வீட்டு நாய் அதே சொறியோடு, கூடவே வயிற்றுப்போக்கோடும் தவிக்கும்.

கோழியை விட்டுக் கோழிக்கு

நாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் உணவில் இருக்கும் ஏதோ ஒரு புரதத்தை எதிரியாக நினைத்துக்கொள்வதுதான் உணவு ஒவ்வாமை. புதிதாகத் தின்ற பொருள்மீது அது முதல் வாயிலேயே பாய்வதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தின்று பழகிய பொருள்மீதுதான் திரும்பும். "மூணு வருஷமா இதைத்தானே சாப்பிடுது டாக்டர், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்காத ஆள் இல்லை. மூன்று வருஷமாகச் சாப்பிட்டதால்தான்.

எந்தப் புரதம்? 2016-இல் ரால்ஃப் முல்லர், தியெரி ஒலிவ்ரி, பாஸ்கல் பிரெலோ ஆகிய மூன்று கால்நடைத் தோல்நோய் நிபுணர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளிலிருந்து உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் திரட்டினார்கள். மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாதவை 34 சதவீதம். பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. சோயா, செம்மறியாட்டு இறைச்சி, மக்காச்சோளம், முட்டை எல்லாம் அதற்கும் கீழே. எல்லோரும் எடுத்தவுடன் சந்தேகப்படுகிற அரிசி வெறும் 2 சதவீதம்.

இந்தப் பட்டியலை நம் வீட்டு நாயின் தட்டோடு வைத்துப் பாருங்கள். காலையில் பால். மதியம் தயிர்சாதம். ராத்திரி கோழிக் கால், கழுத்து, தலை போட்டு வேகவைத்த சோறு. நடுவில் மேரி பிஸ்கட், அதாவது கோதுமையும் பாலும். மூட்டைத் தீனி வாங்குகிற வீடாக இருந்தாலும் அதில் பெரும்பாலும் கோழிதான். முன்பக்கம் ஆட்டுக்குட்டி படம் போட்ட பையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் கோழி மாவு, கோழிக் கொழுப்பு என்று இருக்கும். எதைத் தின்கிறதோ அதன்மீதுதான் ஒவ்வாமை வர முடியும் என்பதால், நம் ஊரில் மாட்டிறைச்சிக்கு முன்னால் பாலையும் கோழியையும் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

இப்போது அந்த வீட்டில் பச்சைக் கறி ஆரம்பிக்கிறார்கள். எது மலிவு? பிராய்லர் கடையில் கிடைக்கும் கழுத்தும் முதுகெலும்பும். கோழி கலந்த மூட்டைத் தீனியை நிறுத்திவிட்டுப் பச்சைக் கோழி. வேகவைப்பதால் புரதத்தின் உருவம் கொஞ்சம் மாறலாம். ஆனால் கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வெந்த கோழியும் சேராது, வேகாத கோழியும் சேராது. இந்த வீட்டில் அரிப்பு நிற்காது. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் ஆட்டுக்கறியோ முயல்கறியோ பச்சையாகப் போட ஆரம்பித்திருப்பார். பாலும் பிஸ்கட்டும் அன்றோடு நின்றிருக்கும். அவர் நாய்க்குச் சரியாகிவிடும். அவர் பச்சைக்கறியின் பெருமையைப் பேசுவார். உண்மையில் அவர் நாயின் தட்டிலிருந்து ஒரே நாளில் கோழி, பால், கோதுமை, சோயா எல்லாம் காணாமல் போயிருக்கின்றன. அதே கறியை வேகவைத்துப் போட்டிருந்தாலும் அந்த நாய் சொறிவதை நிறுத்தியிருக்கும்.

ஓநாய் வாதம்

பச்சை உணவு இயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்த ஜேம்ஸ் ஸ்பிராட் 1860-களில் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்ததிலிருந்து நாய்த்தீனி தொழிற்சாலைக்குள் போனது. அதற்கு எதிர்க்குரலாக, ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். பச்சை எலும்பு, கறி, உள்ளுறுப்பு, கொஞ்சம் காய்கறி என்ற அவரது முறைதான் 'பார்ஃப்' என்ற பெயரில் உலகம் சுற்றுகிறது. 'ஓநாய் வேகவைத்தா சாப்பிடுகிறது?' என்பது இந்தத் தரப்பின் முக்கியமான கேள்வி.

சுவீடனில் எரிக் ஆக்செல்சன் குழுவினர் 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான். நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதன் போட்ட சோற்றையும் ரொட்டியையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று நாயின் குடல் நம் குடலோடு சேர்ந்து மாறியிருக்கிறது. ராஜபாளையம், கோம்பை நாய்களுக்குச் சோறும் கூழும் ஊற்றி வளர்த்த ஊர் நம்முடையது. இதை ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் ஆன்னா ஹியெல்ம்-பியோர்க்மான் குழுவினர் பல ஆண்டுகளாக நாய் வளர்ப்பவர்களிடம் கேள்வித்தாள் மூலம் தகவல் திரட்டி வருகிறார்கள். குட்டிப் பருவத்தில் பதப்படுத்தாத பச்சை உணவு தின்ற நாய்களுக்கு வளர்ந்த பிறகு ஒவ்வாமைத் தோல் நோய் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அது வளர்ப்பவர்கள் நினைவிலிருந்து சொன்ன தகவல். காரணம் இதுதான் என்று அது நிறுவவில்லை. தவிர, குட்டியில் ஒவ்வாமை வராமல் தடுப்பது ஒரு கேள்வி, நான்கு வயதில் வந்துவிட்ட ஒவ்வாமைக்கு என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

முதலில் தெள்ளு, பிறகு தட்டு

சொறிகிற நாய்க்கெல்லாம் உணவு ஒவ்வாமை இல்லை. தெள்ளுக்கடி, உண்ணி, சொறிப் பேன், பூஞ்சைத்தொற்று, காற்றில் வரும் தூசுப்பூச்சி ஒவ்வாமை என்று வரிசையே இருக்கிறது. குளிர் நாடுகளில் பனிக்காலத்திலாவது தெள்ளு குறையும். நம் கடற்கரை ஊர்களில் பன்னிரண்டு மாதமும் அதற்குச் சீசன்தான். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கேயோ பக்கத்து மருத்துவரிடமோ போனால், தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவார்கள். அதைச் செய்யாமல் உணவை மாற்றுவது வீண் அலைச்சல்.

வருஷம் முழுக்க மாறாத அரிப்பு, திரும்பத் திரும்ப வரும் காது நோய், பாதத்தையும் பின்புறத்தையும் குறிவைத்த சொறி, கூடவே ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இளகலாக மலம் கழிப்பது. இவை சேர்ந்து வந்தால் உணவைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய இணையத்தில் முடி, எச்சில் பரிசோதனைகள் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கப்படுகின்றன. வாங்காதீர்கள். ஆய்வாளர்கள் நாய் முடி என்று செயற்கை ரோமத்தையும், எச்சில் என்று எச்சிலே இல்லாத நீர்மத்தையும் அனுப்பிப் பார்த்தார்கள். அவற்றுக்கும் ஒவ்வாமை இருப்பதாக முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனையும் உணவு ஒவ்வாமைக்கு நம்பகமானதல்ல. இருக்கிற ஒரே வழி, விலக்கு உணவு.

எட்டு வாரம்

அது பெயரளவில் எளிது. நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, தண்ணீர். வேறு எதுவும் கிடையாது. 5 வாரத்தில் 80 சதவீத நாய்களுக்கு மாற்றம் தெரிந்துவிடும். 8 வாரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் எட்டு வாரம் என்கிறார்கள்.

புரதத்தைத் தேர்ந்தெடுப்பதில் சூட்சுமம் இருக்கிறது. கோழியைச் சந்தேகப்பட்டால் காடையும் வாத்தும் நல்ல மாற்று அல்ல. எல்லாம் பறவை, புரதங்கள் உறவுக்காரர்கள். பாலும் மாட்டிறைச்சியும் சேராத நாய்க்கு ஆட்டுக்கறியும் சேராமல் போகலாம். நம் ஊரில் பெரும்பாலான நாய்கள் தொட்டிராதது முயல். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் முயல் வளர்ப்பைப் பரப்பி வருகிறது. பண்ணை முயல்கறி பல ஊர்களில் கிடைக்கிறது. வெண்பன்றி இறைச்சியும், நாய் இதுவரை மீன் தின்றதில்லை என்றால் முள் நீக்கிய மீனும் உதவும். அரிசியோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ துணைக்கு. இதற்கெல்லாம் வழியில்லை என்றால், புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காண முடியாத அளவுக்குத் துண்டாக்கித் தயாரித்த 'ஹைட்ரலைஸ்டு' தீனியை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். விலை அதிகம். ஆனால் எட்டு வாரம் முடிந்ததும் தெளிவான பதில் கிடைக்கும்.

இந்த எட்டு வாரம் பெரும்பாலும் தோற்பது நாயால் அல்ல, வீட்டால். மருத்துவர் கேட்பார்: "வேற என்ன கொடுத்தீங்க?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். முயல்கறியும் சோறும் மட்டும்தான்."

"பாட்டி வீட்ல இருக்காங்களா?"

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். "ஒரு வாய் தயிர்சோறுதானேடா, என் கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கு, எப்படித் தின்பேன்?" என்று பாட்டி. மாடியில் பால்காரர் ஊற்றிய பால். வாட்ச்மேன் அண்ணன் டீயில் நனைத்துப் போட்ட பன். கீழே விழுந்த இட்லியைக் குழந்தை தள்ளிவிட்டது. பாசத்தில் செய்தவர்களைத் திட்டிப் பயனில்லை. முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து, இந்த ஒரு வாய் தயிர் எட்டு வார வேலையைக் கெடுத்துவிடும் என்று சொல்லியிருக்க வேண்டும். பாட்டியின் கைக்கு அதே முயல்கறியில் நான்கு துண்டு கொடுத்துவிட்டால் அவருக்கும் மனசு ஆறும்.

யாரும் நினைக்காத ஓட்டை இன்னொன்று: மருந்து. உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரையில் நாய் ஆசையாகத் தின்ன வேண்டும் என்று இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். புழு மாத்திரை, கால்சியம் டானிக், மெல்லும் எலும்பு, நாய்க்கான பற்பசை எல்லாவற்றிலும் இது உண்டு. அந்த இரண்டு மாதத்துக்குக் கழுத்தில் சொட்டு விடும் மருந்து போன்ற மாற்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அரிப்பு அடங்கிவிட்டதா? வேலை இன்னும் முடியவில்லை. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வளர்ப்பவர்கள் இங்கேதான் பின்வாங்குகிறார்கள். "இப்பதான் நல்லா தூங்குது, மறுபடி எதுக்கு?" என்பது நியாயமான பயம். ஆனால் பழைய உணவு சில மணி நேரத்திலிருந்து 14 நாளுக்குள் அரிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் குற்றவாளி தட்டில் இருந்தது உறுதி. இல்லையென்றால் மழை நின்றதாலோ, தெள்ளு மருந்தாலோ குணமானதை உணவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இந்தச் சோதனையைப் பச்சைக்கறி வைத்துச் செய்யவே கூடாது. புதுக் கறியில் வந்த கிருமியால் வயிறு போனால், அது ஒவ்வாமையா தொற்றா என்று பிரிக்க முடியாது.

பச்சையோடு வருபவை

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை கடைகளில் விற்ற 196 பச்சை நாய், பூனை உணவு மாதிரிகளைச் சோதித்தது. 15-இல் சால்மோனெல்லா, 32-இல் லிஸ்டீரியா. நெதர்லாந்தில் 2018-இல் உறைய வைத்த 35 பச்சை உணவுகளைச் சோதித்தபோது பாதிக்கு மேல் லிஸ்டீரியா. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்பது தவறு, தூங்கும், அவ்வளவுதான். நாயின் வயிற்று அமிலம் வலுவானது, அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். கனடாவில் கிருமி கலந்த பச்சை உணவை 16 நாய்களுக்குக் கொடுத்தபோது ஒன்றுக்கும் நோய் வரவில்லை. ஆனால் 7 நாய்கள் தங்கள் மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றின. அந்த நாய் பின்புறத்தை நக்கிவிட்டு வந்து குழந்தையின் முகத்தை நக்கும். இங்கிலாந்தில் 2017-இல் கொடிய ஈ.கோலை தொற்று நான்கு பேரைத் தாக்கி, ஒருவர் இறந்தார்; விசாரணை நாய்க்கு வாங்கிய பச்சை இரைப்பைக் கறியில் போய் நின்றது. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோ எடுத்துக்கொள்பவர், வயதான பெரியவர் இருந்தால் பச்சைக்கறி யோசனையையே விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நம் ஊருக்கு இன்னொரு ஆபத்து. ஆட்டுக்கறிக் கடையில் மிஞ்சும் நுரையீரல், ஈரல் துண்டுகளில் கொப்புளம் மாதிரி நீர்க்கட்டி இருந்தால் கசாப்புக்காரர் அறுத்து ஓரமாக வீசுவார். அது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்கள் வளரும். நாய்க்கு ஒன்றும் தெரியாது. மலத்தில் வரும் முட்டை மனிதர் வாய்க்குள் போனால், ஈரலிலும் நுரையீரலிலும் வருஷக்கணக்கில் கட்டி வளர்ந்து அறுவைச் சிகிச்சை வரைக்கும் இழுக்கும். கொதிக்க வைத்தால் இந்தக் கதையே இல்லை.

கோழிக் கழுத்து பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் பச்சைக் கழுத்து போடுவது வெகு சாதாரணம். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்காலில் தொடங்கி உடம்பெல்லாம் பரவும் ஒரு திடீர்ப் பக்கவாதத்தோடு பச்சைக் கோழிக்கும், அதில் இருக்கும் கேம்பிலோபாக்டர் கிருமிக்கும் தொடர்பு தெரிந்தது. பச்சைப் பன்றிக்கறியில் ஆஜஸ்கி வைரஸ் இருந்தால் நாய்க்கு அது உயிர்கொல்லி. பன்றி இறைச்சி என்றால் வேகவைத்துத்தான்.

கிருமியை விடச் சத்தமில்லாமல் கெடுப்பது சத்துக் குறைபாடு. வெறும் கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் 15 மடங்குக்கு மேல் இருக்கும். நாய்க்குத் தேவை கால்சியம் குறைந்தது சமமாகவாவது இருப்பது. எலும்பில்லாத கறியையே மாதக்கணக்கில் தின்றால் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். வளரும் குட்டி சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2013-இல் வீட்டில் தயாரிக்கும் 200 நாய் உணவுச் செய்முறைகளை அலசினார்கள். 95 சதவீதத்தில் அவசியமான ஏதோ ஒரு சத்தாவது குறைவு. வேகவைத்த சமையலுக்கும் இது பொருந்தும், அதனால் இதைப் பச்சைக்கறியின் குற்றமாக மட்டும் சொல்ல முடியாது.

அப்படியும் பச்சைதான் என்றால்

ஒவ்வாமை எதற்கு என்று தெரிந்து, வீட்டில் ஆபத்துக்குரியவர்கள் இல்லாமல், எல்லாம் யோசித்த பிறகும் பச்சை உணவுதான் என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டி அனுப்பினால் மருத்துவரிடம் சொல்லாமல் செய்வார்கள். அது இன்னும் மோசம். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

பச்சை உணவுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, நாளுக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம். 25 கிலோ நாய்க்கு 500 முதல் 750 கிராம். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிய ஊரில் மாதத்துக்கு என்ன ஆகும் என்று முதலிலேயே போட்டுப் பாருங்கள். பாதியில் காசு முடியாமல் கோழிக்குத் திரும்பினால் பழைய கதைதான். நூறு பங்கில் 80 கறி, 10 எலும்பு, 10 உள்ளுறுப்பு என்பது அவர்கள் விகிதம். ஈரல் 5 பங்கைத் தாண்டினால் வைட்டமின் ஏ ஏறி நஞ்சாகலாம். உள்ளுறுப்பில் மீதி 5 பங்குக்குச் சுவரொட்டி சேர்க்கலாம். இந்த விகிதத்திலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. கால்நடைச் சத்துணவு தெரிந்த மருத்துவர் எழுதித்தரும் கலவை கட்டாயம் வேண்டும்.

எலும்பு போடுவதென்றால் வேகாததுதான். வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். பல் உடையும் பயம் இருப்பவர்கள் எலும்பை விட்டுவிட்டு முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, அடுப்பில் சூடாக்கி, மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளலாம். ஒரு கோழி முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. எத்தனை சிட்டிகை என்பது கறியின் அளவைப் பொறுத்தது. அதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். முட்டை சேராத நாய்க்கு இதுவும் வேண்டாம். ஒரே நாளில் மாற்றாமல் ஏழு முதல் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

வாங்குகிற இடத்தைக் கவனியுங்கள். கோழி சேராத நாய்க்கு ஆட்டுக்கறி வாங்கும்போது, கோழி வெட்டிய அதே கட்டையில், அதே கத்தியில் வெட்டித் தந்தால் கோழியும் கூடவே வீட்டுக்கு வரும். ஆட்டுக்கறி மட்டும் விற்கிற கடையைத் தேடுங்கள். வீட்டில் தனிப் பலகை, தனிக் கத்தி, தனி டப்பா. கறியை வெளியே வைத்து உருக வைக்காதீர்கள். நம் வெயிலில் ஒரு மணி நேரம் போதும் கிருமி பெருக. முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவையுங்கள். நாய் இருபது நிமிடத்தில் தின்னவில்லை என்றால் எடுத்துக் கொட்டிவிட்டுத் தட்டைச் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவுங்கள். நாடாப்புழு மருந்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் தேதி குறித்து வாங்குங்கள். பொதுவான புழு மாத்திரை எல்லாமே எக்கினோகாக்கஸைக் கொல்லாது, பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், அதே முயலை, அதே ஆட்டை, உப்பும் வெங்காயமும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து, சத்துக் கலவை சேர்த்துப் போடுங்கள் என்பேன். ஒவ்வாமையிலிருந்து கிடைக்கிற விடுதலை அதே அளவுதான். சால்மோனெல்லாவும் நீர்க்கட்டியும் வராது. நாய் அதையும் தட்டு பளிச்சிட நக்கித் தின்னும்.

குற்றவாளி எது என்று தெரிந்த வீட்டில் வாழ்க்கை சுலபமாகிறது. கோழிதான் என்றால் பாலையும் கோதுமையையும் இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் திரும்பக் கொடுத்துப் பார்த்து, அரிப்பு வராதவற்றை அனுமதிப் பட்டியலில் ஏற்றலாம். பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஊருக்குப் போகும்போது நாயை விடும் இடத்துக்கும், காலையில் நடக்கக் கூட்டிப்போகும் பையனுக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும் ஒரு நகல் கொடுங்கள். புதிதாக எந்தத் தின்பண்டம் வாங்கினாலும் பையின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள்.